ஆறட்டும் அக்கா

அந்த அக்கா சூடான டீயைக் குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார். மேலே ஏடு படியும். அதை ஒரு விரலால் எடுத்து உதறிப் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகு ஒரே மடக்கில் குடித்து முடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குப் பொறுக்காது. "இதுக்கு எதுக்குக்கா டீ? ஒரு சொம்பு தண்ணியக் குடிச்சிட்டுப் போவலாமில்ல?" என்று கேட்டால், "ஆறட்டும்டி, என்னா தலபோற அவசரம்" என்பார்.

டீக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். கோபத்துக்கு, காய்ச்சலுக்கு, கரண்ட் போனால் அதற்கு, பக்கத்து ஷெட்காரர் கழிவுத் தண்ணீரை இவர் வாசலில் திருப்பிவிட்டால் அதற்கும் ஆறட்டும். அதனால் எங்கள் கூட்டத்தில் அவருக்கு ஆறட்டும் அக்கா என்றே பெயர். அவரைவிட இருபது வயது மூத்தவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். உண்மையான பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். அவர் கோபித்து நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் பயம்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை வாசலில் நான் ஜெராக்ஸ் கடையும் டெலிபோன் பூத்தும் வைத்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள் அவை. ஊரில் பாதிப் பேர் கையில் செல்போன் வந்துவிட்டது, மீதிப் பேர் என் பூத்தில் வரிசையில் நின்றார்கள். பேட்டைக்குள் அந்த அக்காவுக்கு ஒரு ஷெட் இருந்தது. பீங்கானில் ப்யூஸ் கேரியரும், கோயில் வாசல் கடைகளுக்கு விற்கிற பொம்மைகளும் செய்தார். எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயசு இருக்கும் அவருக்கு. சேலையில் எப்போதும் வெள்ளை மண் ஒட்டியிருக்கும்.

இதெல்லாம் பேட்டையில் பத்துப் பேருக்குப் பொருந்தும். அவரை ஊருக்கே தெரிய வைத்தது அந்தக் கார்.

கார் என்றால் நீங்கள் கூரையும் கதவும் வைத்த ஒன்றை நினைத்துக்கொள்வீர்கள். இதற்குக் கூரை கிடையாது. கதவு என்று முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரம். பழைய ஜீப் ஒன்றின் இன்ஜினையும் அடிச் சட்டத்தையும் வாங்கி, பாண்டிச்சேரியில் ஒரு டிங்கர் பட்டறையில் வைத்து, வெள்ளைக்காரன் காலத்துக் கார் போல உடம்பு கட்டியது. நீளமான மூக்கு. மட்கார்டு மேல் தவளைக் கண் மாதிரி இரண்டு லைட். முதுகில் ஸ்டெப்னி. இரண்டே இரண்டு சீட். பாட்டில் பச்சைக் கலர். கியர்க் கம்பியின் தலையில் ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ், அது மட்டும் அக்காவின் சூளையில் வெந்தது. அவரும் அவர் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பாண்டிக்குப் போய் இரண்டு வருடம் நின்று கட்டிய கார் என்று சொல்வார்கள். வீட்டுக்காரர் இப்போது ஓசூரில் இருக்கிறார் என்றும் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. வாய்க்கு வாய் பேசுகிற எனக்கே அதைக் கேட்க மட்டும் தைரியம் வந்ததில்லை.

மாதா கோயில் ஞாயிறு பூசைக்கு அந்தக் காரில்தான் போவார். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் வந்து இறங்கினால், கோயில் வாசலில் ஜெபமாலையோடு நிற்கிறவர்கள் கண்ணெல்லாம் இங்கேதான் இருக்கும். பங்குச் சாமியாரே தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த கார் அது. தெளித்துவிட்டு, "இதுக்குக் கூரை எப்பம்மா போடுவ?" என்று கேட்டாராம். "போடலாம் சாமி, ஆறட்டும்" என்றாராம் அக்கா. கூரை ஆறுவதற்கு என்ன இருக்கிறது என்று சாமியார் இரண்டு நாள் யோசித்திருப்பார்.

நான் எப்படி அந்தப் பக்கத்துச் சீட்டுக்கு வந்தேன் என்பது என் வாய் செய்த வேலை. ஒருநாள் கடையில் ஒரு ஆளோடு எனக்குச் சண்டை. ஜெராக்ஸ் கோணலாக விழுந்துவிட்டதாம். "நீ பேப்பரக் கோணலா மடிச்சி எடுத்தாந்துட்டு மிஷினக் கொற சொல்றியா? மொதல்ல உன் மூஞ்சி நேரா இருக்குதான்னு கண்ணாடியில பாரு" என்று பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் பேப்பரை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஃபேக்ஸ் அனுப்ப வந்து நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏண்டி, உன் வாய்க்குச் சூள வாயி தேவல போலருக்குதே. வர்ற சனிக்கெழம தரங்கம்பாடி போறோம். பக்கத்து சீட்டு சும்மாத்தான் கெடக்குது. வந்து ஒக்காரு, காத்துல செத்த ஆறட்டும்."

போனேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் எங்கே போனாலும் அந்தச் சீட் எனக்குத்தான்.

மொத்தம் மூன்று கார். நெய்வேலியில் இன்ஜினியராக இருந்து ரிட்டையரான சார் ஒருவர், மாமனார் வழியில் வந்த கறுப்புக் காரை வைத்துக்கொண்டு, மாமனாரை விட்டுவிட்டாலும் அதை விட மாட்டேன் என்று இருந்தார். சிதம்பரத்தில் ஸ்டுடியோ நடத்தியவர் ஒருவர், சாம்பல் நிறக் கார். அப்புறம் எங்கள் பச்சை. தரங்கம்பாடி, ஏற்காடு, கொடைக்கானல் எல்லாம் போனோம். ஒருமுறை நான்கு நாள் எடுத்துக்கொண்டு கன்னியாகுமரிவரை. மணிக்கு நாற்பது, மிஞ்சினால் நாற்பத்தைந்து. கரும்பு டிராக்டர்கூட எங்களைத் தாண்டிப் போகும். அக்கா எப்போதும் கடைசியாகத்தான் வருவார், முன்னால் போகிற வண்டி நின்றால் பின்னால் வருகிறவருக்குத்தானே தெரியும் என்று. கூரை இல்லாததால் வெயில் நேராக மண்டையில் இறங்கும், வாயைத் திறந்தால் பூச்சி போகும். என்னைப்போல வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை. மழை மட்டும் அவர் ஆறட்டும் என்றால் கேட்பதில்லை, அதனால் நனைந்தோம். ஒவ்வொரு ஊரிலும் டீக்கடைக்காரர் "சினிமா ஷூட்டிங்கா?" என்று கேட்பார். ஸ்டுடியோக்காரர் சளைக்காமல் "ஆமா, இவங்கதான் ஹீரோயினி" என்று என்னைக் காட்டுவார். எனக்கு மனசு அப்படியே குளிரும்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு காரின் பானெட்டைத் திறந்தால் மற்ற இரண்டு காரின் பானெட்டையும் திறந்து வைத்துவிட வேண்டும். ரிப்பேர் இருக்கிறதோ இல்லையோ, துணைக்குத் திறந்து வைப்பது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ரோட்டோரம் மூன்று கார் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, "மூணுமே கெட்டுப்போச்சுங்களா, ஐயோ பாவம்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் வண்டி மட்டும் மானம்கெட்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏற்காடு மலை ஏறும்போது பாதி வளைவில் எங்கள் பச்சைக் கார் கொதித்துவிட்டது. மூக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி. மூன்று பானெட்டும் திறந்தாயிற்று. ஸ்டுடியோக்காரர் ஓடிப்போய் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க சார். கொதிச்ச இரும்பு மேல பச்சத் தண்ணி பட்டா இன்ஜின் பிளாக்கு விரிசல் வுட்டுரும். அப்புறம் ஒட்டவும் முடியாது, தட்டவும் முடியாது. வண்டியே போச்சி. ஒரு மணி நேரம் ஆறட்டும்."

"ஒரு மணி நேரமா? அதுக்குள்ள நான் நடந்தே மேல போயிடுவேன்" என்றேன்.

"நடந்து போ. நான் வந்து ஏத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். நான் எங்கே நடந்தேன், கடலைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

அந்தப் பொறுமை சூளையில் இருந்து வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு தடவை, பேட்டையில் வேறொரு ஷெட்காரர், திருவிழாக் கடைக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்று, நெருப்பை அணைத்துச் சூடு இறங்குவதற்கு முன்பே சூளைக் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். உள்ளே அடுக்கி வைத்த பொம்மைகள் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தன. வெளிக்காற்று உள்ளே போன கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். யாரோ நகத்தால் டம்ளரைச் சுண்டினது போல. பிறகு இன்னொரு டிக். பிறகு நாலா பக்கமும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொம்மை போச்சு. அந்த ஆள் கதவைச் சாத்தினார், திறந்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கேக்குதாடி? அவ்வளவுதான் சத்தம் போடும்" என்றார் அக்கா. "அதுக்கப்புறம் எடுத்துப் பாத்தா மயிரிழ மாதிரி ஒரு கோடு இருக்கும். கண்ணுக்கே தெரியாது. ஆனா போனது போனதுதான்."

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாள் விளங்காது.

எனக்கு மூன்று வயது இளையவனாக ஒரு தம்பி. எங்கள் வீடு கருவேப்பிலங்குறிச்சியில். அவனுக்குப் பெண் பார்த்து, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் வீட்டார் பேசி முடிக்க வந்திருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா "மாப்ள என்னா பண்ணப் போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். "சொந்தமா ஒர்க்‌ஷாப்பு வெக்கப் போறேங்க" என்றான் தம்பி. காப்பித் தட்டோடு நின்ற நான், "ஆமா, வேலைக்குச் சேத்த ரெண்டு எடத்துலயும் வெளிய தொரத்திட்டாங்க, இவுரு ஒர்க்‌ஷாப்பு வெக்கப் போறாரு" என்றேன். விளையாட்டாகச் சொன்னேன் என்று அம்மாவிடம் சாதித்தேன். விளையாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று காலையில் அவனோடு சண்டை, அந்தச் சூடு நாக்கில் இருந்தது. வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை.

தம்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டு அன்றைக்கே தீர்ந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு வருடம். நான் சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான். அக்காவிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன். "இப்ப போயிப் பேசாத, சூட்டோட பேசுனா இன்னும் முறியும். ஆறட்டும்" என்றார். எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்க வாய் வரும்போதெல்லாம் ஆறட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்படியே இருக்கும்போது அவனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். அதே சனிக்கிழமைதான் நாங்கள் மூன்று காரும் தனுஷ்கோடி போவதாகப் பேசி வைத்திருந்தோம்.

"ஏண்டி, கூடப் பொறந்தவன் மூணு வருசத்துக்குப் போறான். நீ கார்ல ஊர் சுத்தப் போறியா?" என்றார் அம்மா.

"அவன் என்னை வான்னு கூப்புடட்டும்."

"அவன் எப்பிடிடி கூப்புடுவான்?"

நான் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவன் பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் நிற்கவில்லை.

திட்டக்குடி தாண்டித் தொழுதூர் வந்ததும் நெய்வேலி சாரின் கார் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. டீக்கடை ஓரமாக நிறுத்தி, சட்டப்படி மூன்று பானெட்டையும் திறந்து வைத்துவிட்டு, சார் டயரைக் கழற்ற உட்கார்ந்தார். அக்கா டீயை வாங்கிப் பெஞ்சில் வைத்தார். நான் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவருக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

"என்னாடி, வாயில கொழுக்கட்டயா?"

"இந்நேரம் அவன் வேன்ல திருச்சி கிட்ட போயிருப்பான்" என்றேன். எப்படி வந்ததோ, வந்துவிட்டது.

"யாரு?"

சொன்னேன். இன்றைக்குத்தான் போகிறான் என்பதை அதுவரை அவரிடம் மறைத்திருந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தினி மணிக்கு உள்ள போவணும்?"

"பதினொண்ணுக்காம்."

"போன் போடு."

"நம்பர அழிச்சிட்டேன். அம்மாகிட்டயும் போனு இல்ல."

அக்கா மணியைப் பார்த்தார். ஒன்பது. எழுந்துபோய் எங்கள் காரின் பானெட்டை மட்டும் மூடினார். "சார், நீங்க ரெண்டு பேரும் பாத்து வாங்க. திருச்சி ஏர்போர்ட்டுல பாப்போம்" என்றார். நெய்வேலி சார் ஸ்பேனரோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒருத்தர் வண்டி நிற்கும்போது இன்னொருத்தர் கிளம்பியது அதுவரை நடந்ததில்லை. பெஞ்சில் அக்காவின் டீ ஏடு படிந்து அப்படியே இருந்தது.

பெருஞ்சாலையை நான்கு வழியாக்குகிற வேலை நடந்துகொண்டிருந்த நேரம். கொஞ்சதூரம் நல்ல ரோடு, கொஞ்சதூரம் செம்மண் புழுதி. நாற்பத்தைந்தைத் தாண்டாத அந்தக் கார் அன்று எழுபதில் போயிற்று. முன் கண்ணாடி நடுங்கியது, கதவுத் தகரம் அடித்துக்கொண்டது, பெரம்பலூர் வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. பாடாலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பத்து மணி. இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது.

ஓரம் கட்டினார். நான் இறங்கி ஓடிப்போய் பஸ்ஸுக்குக் கை காட்டினேன். இரண்டு பஸ் புழுதியை என் முகத்தில் அடித்துவிட்டுப் போயின. மூன்றாவதாக வந்த லாரிக்காரன் ஹாரன் மட்டும் அடித்தான். திரும்பி வந்து மட்கார்டில் சாய்ந்துகொண்டேன்.

"வுடுங்கக்கா. ஒரு மணி நேரம் ஆவும். ஆறட்டும். போனாப் போறான்."

அக்கா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"ஆறட்டும்னு உனக்குச் சொன்னவ நான்தானடி" என்றார். "நாங்க புருசன் பொண்டாட்டியும் அப்பிடித்தான் இருந்தோம். அவரு கோவம் ஆறட்டும்னு நானு. என் கோவம் ஆறட்டும்னு அவரு. நல்லாத்தான் ஆறிச்சி. அப்புறம் நேர்ல பாத்தப்ப ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல. கோவங்கூட இல்லடி."

சொல்லிவிட்டு, ரோடு வேலைக்காரர்கள் வைத்திருந்த தண்ணீர் டிரம்மை நோக்கி நடந்தார். ஒரு கேன் நிறைய மொண்டுகொண்டு, ஒரு நனைந்த சாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டுத் திருகினார். ஆவி சீறியது. கையை உதறினார், முழங்கை வரை சிவந்துவிட்டது. நான் "அக்கா, வேணாம்" என்று கத்தினேன். அவர் கேனைச் சாய்த்தார்.

டிக்.

சூளையில் கேட்ட அதே சத்தம். நகத்தால் டம்ளரைச் சுண்டினது போல, சின்னதாக. அக்காவின் கை ஒரு நிமிடம் நின்றது. எனக்குக் கேட்டது அவருக்குக் கேட்காமல் இருக்குமா? பிறகு கேனை இன்னும் சாய்த்து மீதித் தண்ணீரையும் ஊற்றினார். மூடியைத் திருகிவிட்டு, "ஏறு" என்றார்.

வண்டி ஓடியது. எப்படி ஓடியது என்று மாதா கோயிலில்தான் கேட்க வேண்டும். தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி ஊற்றினோம். சமயபுரத்தில் பூக்கடைக்காரம்மா ஒரு குடம் கொடுத்தார். இன்ஜின் இருமியது, இழுத்தது, வெள்ளைப் புகையைக் கக்கியது. அக்கா அந்தப் பீங்கான் குமிழைப் பிடித்த பிடியை விடவில்லை. ஏர்போர்ட் வாசலில் நுழையும்போது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். நுழைந்ததும் வண்டி ஒரு தடவை குலுங்கி நின்றது. அதற்குப் பிறகு அது தானாக ஓர் அடி நகரவில்லை.

நான் ஓடினேன். தம்பி தள்ளுவண்டியோடு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றான். பக்கத்தில் அம்மா, கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். என் தலை முழுக்கச் செம்மண், புடவை தாறுமாறு. அவன்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"என்னாக்கா இது, சொடலயிலருந்து எழுந்து வந்தாப்ல நிக்கிற?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை அது. நான் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான். "அன்னிக்கி நான் சொன்னது தப்புடா. வேணும்னேதான் சொன்னேன். தப்புடா" என்று அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். அம்மா பொட்டலத்தோடு சேர்த்து என்னைப் பிடித்துக்கொண்டார். தம்பி மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "சரி வுடு, வுடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். பிறகு, "எதுல வந்த?" என்று கேட்டான்.

கையைக் காட்டினேன். தூரத்தில் ஆவி விட்டுக்கொண்டு நின்ற பச்சைக் காருக்குப் பக்கத்தில், கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு அக்கா நின்றார். தம்பி கும்பிட்டான். அவர் நல்ல கையைத் தூக்கி ஆட்டினார். உள்ளே போகும்போது அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். நான் அதை எண்ணிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மற்ற இரண்டு காரும் வந்து சேர்ந்தன. நெய்வேலி சார் இறங்கி, திறந்து கிடந்த எங்கள் பானெட்டைப் பார்த்தார். போய்த் தன் காரின் பானெட்டைத் திறந்து வைத்தார். ஸ்டுடியோக்காரரும் திறந்தார். மூன்று காரையும் கிளப்பச் சொல்லிப் போலீஸ்காரர் விசில் அடித்துக்கொண்டே வந்தார். "மூணுமேவா?" என்றார். "ஆமாங்க" என்றார் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்று யாரும் தனுஷ்கோடி போகவில்லை. பச்சைக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் திரும்பினோம்.

அடுத்த வாரம் அக்காவின் ஷெட்டில் வைத்து சார் இன்ஜினைப் பிரித்தார். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஓர் இடத்தைத் தடவிக் காட்டினார். மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஒட்டவும் முடியாது, தட்டவும் முடியாது.

"சூட்டோட தண்ணி ஊத்தியிருக்காங்க. எந்த மடையன் ஊத்துனது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "நான்தாங்க சார். அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"நீங்களா?" என்றார் சார். டார்ச்சை அணைக்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே மாதிரி இன்ஜின் வேறு எங்கும் கிடைக்கவில்லை. அதன்பிறகு அக்கா பயணங்களுக்கு சாரின் காரில் பின் சீட்டில் வந்தார். பச்சைக் கார் ஷெட்டிலேயே நின்றது, வேலைக்காரப் பெண்கள் அதன்மேல் மதியம் சோற்று டப்பா வைத்தார்கள். என்னால் அதைப் பார்க்கவே முடியாது. அக்காவுக்கு ஒன்றும் இல்லை, அதில் சாய்ந்து நின்றுதான் ஆர்டர் எழுதுவார்.

தம்பி போன மூன்றாவது வெள்ளிக்கிழமை என் பூத்துக்குப் போன் வந்தது. குவைத்தில் வெயில் என்றான், சாப்பாடு பரவாயில்லை என்றான், அந்தக் கார் அக்கா கை ஆறிடுச்சா என்று கேட்டான். வைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவைத் தேடிப் பேட்டை டீக்கடைக்குப் போனேன். எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார். அவன் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். கையில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது.

"அக்கா, அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சி."

"கேட்டும் எதுக்குக்கா மீதித் தண்ணியயும் ஊத்துனீங்க?"

ரோட்டில் லாரி ஒன்று மண் ஏற்றிக்கொண்டு பேட்டைக்குள் திரும்பியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டம்ளர் வழக்கம்போல ஏடு படிந்து ஓரமாக இருந்தது. என்னுடையதை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நீ டீயக் குடி. ஆறிடப் போவுது."